முதலில் அங்கத்தவர் வீடு

கிளிவெட்டி
09.12.2025

அன்புத் தம்பி கலீலுக்கு,

நானும் பாக்கியமும் மகளும் சுகம். வீட்டுக்குள் இன்னும் சேறு. வெள்ளத்தன்று தோணி கேட்டபோது, இஞ்சின் பழுது என்று போனில் சொன்னீர்கள். உதவிச் சங்கத்தின் செயலாளர் நீங்கள், இருக்கும் ஒரே தோணியும் படுத்தால் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டும்! பம்ப் திருத்துகிற என்னிடம் கேட்க என்ன கூச்சம்? இஞ்சினுக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் பஸ்ஸில் அனுப்புகிறேன், போட்டுப் பாருங்கள். கடற்படை வந்து இறக்கும்வரை ஒன்பது மணித்தியாலம் கூரையில் இருந்ததில் பாக்கியத்துக்கு இருமல். அப்படியிருந்தும், "பாவம் கலீல் தம்பி, என்ன பாடுபட்டாரோ" என்கிறாள்.

அன்புடன்,
அருளம்பலம்


மூதூர்
14.12.2025

மதிப்புக்குரிய அருளம்பலம் அண்ணனுக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை. இஞ்சினுக்கு ஒன்றுமில்லை, அண்ணன். நான் பொய் சொன்னேன்.

முதலில் அங்கத்தவர் வீடு, பிறகே மற்றவர்கள். இது எங்கள் சங்கத்தின் முடிவு. கூட்டத்தில் அதற்காக வாதாடியவனும் நானே. பதினைந்து வருடமாகத் தோணியைப் பராமரித்தவர்கள் காத்திருக்க, வெளியாரை ஏற்றினால் சங்கம் எதற்கு என்று கேட்டேன். இன்றைக்கும் அதைப் பிழையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் போன் எடுத்தபோது அங்கத்தவர்கள் எல்லோரும் கரையேறிவிட்டார்கள். உங்கள் சந்தியில் கடை வைத்திருக்கும் முனீப் மட்டும் விடவில்லை. "என்ட பிரிஜ்ஜ உட்டுட்டு எப்புடி? நானும் மெம்பர்தானே" என்றார். ஏலாது என்று சொன்னால் அடுத்த கூட்டத்தில் என் பதவி போய்விடுமே என்று பயந்தேன். உங்களைக் கூரையில் விட்டுவிட்டு, சோடா வைக்கும் ஒரு பிரிஜ்ஜை ஏற்றினேன்.

அந்தப் பிளக்குகளைக் கையில் வாங்கியதிலிருந்து வெட்கத்தில் சோறு இறங்கவில்லை. மன்னித்துவிடுங்கள். நேரில் வந்து பாக்கியம் அக்காவிடமும் கேட்கிறேன்.

தலைகுனிந்து,
கலீலுர் றஹ்மான்


கிளிவெட்டி
20.12.2025

தம்பி,

தோணி எங்கள் வேலியோரமாகத்தான் போனது. பிரிஜ் சரியாமல் இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றீர்கள். பாக்கியம் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டதை அவளிடம் நான் சொல்லவில்லை. சங்கம் தன் ஆட்களைப் பார்க்கட்டும், அதில் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் பொய்யை நானும் நம்பியதாகக் காட்டினால் உறவு கெடாது என்று நினைத்தே அந்தக் கடிதத்தை எழுதுவித்தேன்.

வாசிக்கும் கண்ணாடி வெள்ளத்தோடு போய்விட்டது. அதனால் உங்கள் கடிதத்தை மகள் சோபனா சத்தமாக வாசித்தாள். இதையும் அவள்தான் எழுதுகிறாள். பாக்கியம் பக்கத்தில் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். இது எனக்கு அன்றே தெரியும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

உங்களை அவள் திட்டவில்லை. "தெரிஞ்சுகொண்டே என்னை அவருக்காகப் பாவப்பட விட்டனீங்கள், என்ன?" என்று என்னைத்தான் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைப்பதில்லை.

இப்போதைக்கு வர வேண்டாம், தம்பி.

அருளம்பலம்