நனைந்த கட்டைக்கு என் கண்ணைக் குற்றம் சொன்ன வழக்கு

அன்பு மகள் ஹெட்விகாவுக்கு,

நானும் உன் அப்பாவும் சுகம், கோழிகளும் சுகம், ஓஸ்லோ குளிரில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். முதலில் அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கண் மங்கிவிட்டதென்று நம் வேட்டைச் சங்கம் தீர்ப்பளித்து, இனித் துப்பாக்கியோடு வரக் கூடாது என்று சொல்லிவிட்டது.

போன சனிக்கிழமை கொட்டும் மழையில் கூட்டுவேட்டை. நூறு எட்டு வைக்கும் தூரத்தில் நின்ற காட்டுப்பன்றியை இரண்டு முறை தவறவிட்டேன். மாலையில் சாராயக்கடையில் வழக்கம்போல் வேட்டை நீதிமன்றம் கூடியது. தப்பு செய்தவரை விழுந்த பன்றியின் மேல் குப்புறப் படுக்கவைத்து, கத்தியின் தட்டைப் பக்கத்தால் பின்புறத்தில் மூன்று அடி போட்டுச் சிரிப்பதுதானே முறை? சங்கத் தலைவன் வெண்டெலின் அதைச் செய்யவில்லை. "அக்கா, பன்னி டிராக்டர் கணக்கா நின்னுச்சு, அதுகூடவா தெரியல? நீங்க இனிமே சூப்பு வைங்க, அது எங்கயும் ஓடாது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், உன் அப்பாவும். அவருக்கு மூன்று நாளாக வெறும் உருளைக்கிழங்குதான்.

ஊசியில் நூலை இன்னும் நானேதான் கோக்கிறேன். ஆகவே மறுநாள் துப்பாக்கியைப் பார்த்தேன். குழலைத் தாங்கும் பழைய மரக்கட்டை பிளந்ததால் இலையுதிர்காலத்தில் புது வால்நட் கட்டையை நானே பொருத்தியது உனக்குத் தெரியும். இரும்பில் விளக்குக்கரி தடவி, மரத்தில் அழுத்தி, கரி ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டிச் சுரண்டிப் பதினோரு நாள் வேலை. குழலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள் வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் அது காய்ந்த அடுப்படியில். இப்போது அதே தாள் பாதியில் நின்றுவிட்டது. மழையில் மரம் ஊதிக் குழலைத் தள்ளியிருக்கிறது, குண்டு விலகியது அதனால்தான். வெளியே ஐந்து முறை ஆளிவிதை எண்ணெய் பூசினவள், யார் பார்க்கப் போகிறார்கள் என்று உள்பள்ளத்தை விட்டுவிட்டேன். அது என் தப்புதான், மறுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சுரண்டி, எண்ணெய் ஊறவிட்டு, நேற்று ஒரு வாளித் தண்ணீரை அதன் மேல் கொட்டிச் சுட்டேன். நூறு எட்டில் மூன்று குண்டும் ஓர் உள்ளங்கைக்குள். குறிவைத்துச் சுட்ட அட்டையை வெண்டெலின் வீட்டுக் கதவில் ஆணியடித்தேன். "காத்து நல்லாருந்திருக்கும், அக்கா" என்கிறான்!

ஆகவே நடக்க வேண்டியவை இவை. கிறிஸ்துமஸ் கழிந்த சனிக்கிழமை வேட்டையில் என் இடம் எனக்கு வேண்டும். வெண்டெலின் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று கண் பற்றிய தீர்ப்பைத் திரும்பப் பெற வேண்டும், அன்றைய சூப்பையும் அவனே வைக்க வேண்டும். உன் அப்பா சிரிக்காமல் சாட்சி சொல்ல வேண்டும். எண்ணெய் பூசாத குற்றத்துக்குத் தனி விசாரணை வைத்து, எனக்குச் சேர வேண்டிய மூன்று அடியை எனக்குத் தர வேண்டும். ஒன்றுகூடக் குறையக் கூடாது. கடவுள் உன்னை நல்லபடி வைக்கட்டும், கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. மூன்றாவது அடி குடும்பத்தார் கொடுப்பது. உன் அப்பாவுக்குக் கை ஓங்காது. நீ வந்து கொடுக்க வேண்டும்.

விட்டுக்கொடுக்காத உன் அம்மா,
திராஹோமீரா