நான்கு நிமிடம்

பிளசன்டன்
மார்ச் 12, 2024

அன்புள்ள ஜெரிஷ்,

உங்கள் நலம் கேட்டு எழுதினால் பதில் வர மூன்று வாரம் ஆகிறது. ஆகவே நலமாகத்தான் இருக்கிறீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன். ராணுவ முகாமில் போனை வாங்கி வைத்துவிட்டார்கள் என்றபோது கோபம் வந்தது. இப்போது பழகிவிட்டது.

சனிக்கிழமை உங்கள் நண்பர் மதன் வந்து என் கதவுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டார். "ஜெரிஷ் ஆர்டர் சிஸ்டர், நான் என்ன பண்றது?" என்றார். பாலைவனத்தில் ஹெலிகாப்டரிலிருந்து கேபிளில் இறங்கி, அடிபட்ட சிப்பாய்களைத் தூக்குகிறவர் நீங்கள். நான் இங்கே முழங்கால் வலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட். யாருக்குப் பூட்டு வேண்டும்?

மில்பிடாஸ் போய் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். செப்டம்பரில் நம் கல்யாணத்துக்குச் சேலை எடுத்துவிட்டார். "முதல்ல சர்ச், அப்புறம்தான் கோயில்" என்கிறார். எங்கள் சித்தி அதையே திருப்பிப் போட்டுச் சொல்கிறார். நீங்கள் வந்து பேசிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஜூனில் அப்பாவின் ஆட்டைத் திவசம், முதல் வருடம். திதி பார்க்க, உயிர் போன நேரத்தை ஐயர் கேட்டார். என்னிடம் உடல் கிடைத்த நேரம் மட்டும்தான் இருந்தது. டெக்சாஸுக்கு எழுதி, போன ஜூனில் நானும் அப்பாவும் அங்கே போய் மாட்டிக்கொண்ட வெள்ளத்தன்று நீங்கள் என்னைத் தூக்கிய மீட்புப் பதிவின் நகலை வாங்கினேன். அதில் இப்படி இருக்கிறது: "காலை 6.14. கூரையில் இருவர். இருவரும் உயிருடன்."

மருத்துவமனையில் உங்களைக் கேட்டேன். "நாங்க வர்றதுக்கு முன்னாடியே அங்கிள் போயிட்டார்" என்றீர்கள். தலையில் அடிபட்ட எனக்கு எதுவும் நினைவில்லை. நீங்கள் சொன்னதைத்தான் என் நினைவாக வைத்திருக்கிறேன்.

பதிவில் பிழையா?

லக்சனா


ஏப்ரல் 3

அன்புள்ள லக்சனா,

உன் கடிதம் வந்த அன்று வெளியே போயிருந்தோம். திரும்ப ஆறு நாள் ஆனது. எனக்கு ஒன்றுமில்லை.

பதிவில் பிழை இல்லை. அப்பா உயிரோடு இருந்தார்.

நான் கூரையில் இறங்கியபோது நீ நினைவில்லாமல் கிடந்தாய். அவர் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு தமிழில் கத்திக்கொண்டிருந்தார். டெக்சாஸில் அந்த வெள்ளத்துக்கு நடுவில் தமிழ் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அங்கிள், ஒவ்வொருத்தராத்தான் தூக்க முடியும்" என்றேன். "பிள்ளையை முதல்ல கொண்டு போங்கோ, தம்பி" என்றார்.

உன்னை மேலே ஏற்றிவிட்டு மறுபடி கேபிளில் இறங்க நான்கு நிமிடம் ஆனது. அதற்குள் கூரை போய்விட்டது.

மருத்துவமனையில் நீ கேட்டபோது, உனக்காக அவர் விடப்பட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பாரம் உனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். அப்போது நான் உனக்கு யாரோ. பிறகு யாரோ இல்லை என்றானபோது சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது.

ஃப்ரீவேயில் வேகமாகப் போகாதே.

உன் ஜெரிஷ்


பிளசன்டன்
ஏப்ரல் 16

ஜெரிஷ்,

கடிதத்தைக் காரில் வைத்தே படித்தேன். ஒரு மணி நேரம் காரை எடுக்கவில்லை.

யாரை முதலில் தூக்கினீர்கள் என்பதில் எனக்குக் குறை இல்லை. அது உங்கள் வேலை. ஆனால் என் அப்பா கடைசியாகச் சொன்னது என்னைப் பற்றியது. அதை நீங்கள் எனக்குத் தராமல் வைத்திருந்தீர்கள். நான் தாங்குவேனா மாட்டேனா என்பதை நீங்களே முடிவு செய்தீர்கள். கதவுக்குப் பூட்டுப் போட்ட மாதிரிதான் இதுவும். உள்ளே இருப்பவளைக் கேட்கவில்லை.

சித்தியிடம் சொன்னேன். "எங்கட அத்தான் அப்பிடித்தான்" என்று அழுதார். திவசத்துக்கு நினைவு மலர் அச்சடிக்கிறோம். முதல் பக்கத்தில் அப்பாவின் படமும், அதன் கீழே அந்த ஒரு வரியும்: "பிள்ளையை முதல்ல கொண்டு போங்கோ." யாழ்ப்பாணத்துக்கும் டொரன்டோவுக்கும் அனுப்பப் போகிறோம்.

கோபம் தீரவில்லை. ஆனாலும் அந்த வரிக்காக உங்களுக்கு நன்றி.

லக்சனா


ஏப்ரல் 29

லக்சனா,

அதை அச்சடிக்க வேண்டாம்.

அவர் அப்படிச் சொல்லவில்லை. நான்தான் எழுதினேன். அது உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். உன் பதிலைப் பார்த்த பிறகு நான்கு நாள் யோசித்தேன். பேசாமல் இருந்துவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்தப் பொய் உன் அப்பாவின் படத்துக்குக் கீழே இருக்கக்கூடாது.

"ஒவ்வொருத்தராத்தான் தூக்க முடியும்" என்று நான் சொன்னது உண்மை. அதைக் கேட்டதும் அவர் என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார். "என்னை விட்டுட்டுப் போகாதேங்கோ" என்றார். இரண்டு முறை சொன்னார். அவர் விரல்களை நான்தான் பிரித்து எடுத்தேன். "நாலே நிமிஷம், வந்துடுவேன் அங்கிள்" என்றேன். நினைவில்லாதவரை முதலில் தூக்க வேண்டும் என்பது விதி. விதிப்படிதான் செய்தேன். யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை.

பயத்தில் கேட்டார். அந்தக் கூரையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்பார்கள். உன் மேல் அன்பில்லை என்று நினைத்துவிடாதே. நான் உன்னைத் தூக்கும்வரை அவர் உன் தலையை மடியிலிருந்து இறக்கவில்லை. அது நான் கண்ணால் பார்த்தது.

இதற்கு மேல் நான் மறைத்தது எதுவும் இல்லை. ஜூன் 2 சான் பிரான்சிஸ்கோவில் இறங்குகிறேன். நீ வராவிட்டால் மதனோடு அம்மா வீட்டுக்குப் போய்க்கொள்வேன்.

ஜெரிஷ்


பிளசன்டன்
மே 14

ஜெரிஷ்,

மலரிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டேன். அப்பாவின் படமும் பெயரும் தேதியும் மட்டும் போதும் என்று அச்சகத்துக்குச் சொன்னேன். சித்தி காரணம் கேட்டார். சொன்னேன்.

அம்மா இறந்த பிறகு அப்பா எப்போதும், "எனக்கு இனிப் போதும், எப்ப வந்தாலும் சரி" என்பார். டாக்டரிடம்கூடச் சொல்வார். மாத்திரையை எடுத்துக் கொடுத்தால் திருப்பி வைப்பார். அவருக்கு வாழ ஆசை விட்டுப்போய்விட்டது, நான் ஒருத்தி இருப்பது அவருக்குப் போதவில்லை என்று பல வருடம் நினைத்திருந்தேன். அப்படியில்லை. அவர் உயிரோடு இருக்க விரும்பியிருக்கிறார். உங்கள் பெல்ட்டைப் பிடித்திருக்கிறார். இதைப் படித்து நிறைய அழுதேன். அந்த அழுகையில் துக்கம் மட்டும் இல்லை.

செப்டம்பர் மண்டபத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்கள் அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். "பிரேக் அப் பண்றியா பாப்பா?" என்று கேட்டார். இல்லை, தள்ளி வைக்கிறேன் என்றேன். எவ்வளவு நாள் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

மதனை வரச் சொல்ல வேண்டாம். ஜூன் 2 நானே விமான நிலையத்துக்கு வருகிறேன். 4ஆம் தேதி இருவருமாக டெக்சாஸ் போகிறோம். டிக்கெட் எடுத்துவிட்டேன். திவசத்தை, வெள்ளம் வந்த அந்த ஆற்றங்கரையிலேயே செய்யப் போகிறேன். பதிவிலுள்ள 6.14-க்கு மேல் உங்கள் நான்கு நிமிடத்தையும் கூட்டி, நேரம் ஏறக்குறைய 6.20 என்று ஐயரிடம் சொன்னேன். அவர் மந்திரங்களை எழுதிக் கொடுத்திருக்கிறார். தண்ணீரில் நான்தான் இறங்குவேன். என்னைப் பிடித்துக்கொள்ளாமல் நீங்கள் கரையில் நிற்க வேண்டும்.

அது உங்களால் முடியும் என்றால் வாருங்கள்.

லக்சனா நவரத்தினம்