இரண்டாவது போன் நம்பர்

மார்ச் 3, 2025
தொழிலாளர் விவரங்களைப் பழைய சாஃப்ட்வேரிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலை என் தலையில். எச்.ஆர். வேலை என்று தேர்வாய் கண்டிகை ஃபேக்டரிக்கு வந்தேன், குப்பை பொறுக்குகிறேன். இரண்டாவது போன் நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் ஒருவருக்கு மட்டும் 'பிரஸ் வேண்டாம்' என்று இருக்கிறது. புதியது அங்கே எண்ணைத் தவிர எதையும் ஏற்காது. அழித்துவிட்டேன். யாரைக் கேட்பது?

மார்ச் 7
மாற்றியாகிவிட்டது. ஒரு பிழைகூட இல்லையாம். மேனேஜர் வசந்தகுமார் எல்லாருக்கும் கேசரி வாங்கித் தந்தார்.

மார்ச் 11
இனிமேல் ஷிப்டையும் புதிய சாஃப்ட்வேரே போடும். பேக்கிங்கில் இருந்த ஜெயராஜ் அண்ணனைத் தகடு வெட்டும் பிரஸ் மிஷினில் போட்டுவிட்டது. நர்ஸ் லட்சுமியம்மாள் மூச்சிரைக்க வந்தார். "இன்னாம்மா பண்ணி வச்சிக்கீற? அவருக்கு ஃபிட்ஸ் வரும். பழசுல அதுக்குன்னு எடமே இல்ல. அதான் போன் நம்பர் எடத்துல எழுதினேன். மேனேஜரு அந்தப் பக்கம் பாக்க மாட்டாரு."
ஓடினோம். அண்ணன் மிஷினுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தலைவலி என்று லீவு எழுதி வீட்டுக்கு அனுப்பினோம்.
ஐயோ, கை போயிருந்தா?

மார்ச் 12
லீவு எத்தனை நாள் எழுத முடியும்? புதியதில் 'உடல் தகுதி' என்று தனி இடம் இருக்கிறது. அதில் போட்டால் பிரஸ் ஷிப்ட் வராது. ஆனால் மேனேஜர் திரையில் சிவப்பாகத் தெரியும். ஜெயராஜ் அண்ணனோ காண்ட்ராக்ட் ஆள்; தெரிந்தால் உடனே நிறுத்திவிடுவார்கள்.
சாயங்காலம் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் அண்ணன் எனக்காகக் காத்திருந்தார். "கம்ப்யூட்டர்ல மட்டும் ஏத்தாதம்மா. நா ஜாக்கிரதையா ஓட்டிக்கினு போய்டுவேன். பொண்ணு பிளஸ் டூ எழுதிக்கினு கீது."
பஸ் ஏறிவிட்டேன்.

மார்ச் 13
போட்டுவிட்டேன்.

மார்ச் 14
"காண்ட்ராக்டர்கிட்ட வேற ஆள் கேட்டாச்சு" என்றார் வசந்தகுமார்.
"பேக்கிங்லயே இருக்கட்டுமே சார்?"
"ஏதாவது ஆச்சுன்னா நீ வந்து பதில் சொல்லுவியா? இப்பதான்மா டேட்டா க்ளீனா இருக்கு."
சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் தலையாட்டினேன், வெட்கம் கெட்டவள். போடாமல் இருந்திருக்கலாமோ? இல்லை — கை. கையை நினைத்துத்தானே போட்டேன்?

ஏப்ரல் 6
காய்கறி வாங்க இங்கே பக்கத்திலிருக்கும் ஆரணிக்குப் போனேன். கடைத்தெருவில் ஜெயராஜ் அண்ணன், தள்ளுவண்டியில் தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார்; பார்க்காததுபோல் குனிந்துகொண்டார். நான் அவர் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டும் நன்றாக இருந்தன.
கத்தி பெரியது. ஃபிட்ஸ் வந்தால் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் யாரும் இல்லை.