சோப்பு அப்பிய பெட்ரோல் டேங்க்

என் பங்காளி கதிரேசா,

நம் வண்டி இன்னும் ஓடுகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதைச் சொல்லத்தான் வாய் கூசுகிறது.

காயலான் கடையில் கிடந்த அந்த டூ-ஸ்ட்ரோக் வண்டியை நாம் ரேஸ் வண்டி ஆக்கினோமே. மட்கார்டைக் கழற்றி எறிந்தோம். சைலன்சரை ரம்பத்தால் அறுத்தோம். என்ஜின் மூடி இடுக்கில் ஆயில் கசியாமல் இருக்க, கல்யாணப் பத்திரிகையை வெட்டி கேஸ்கெட் போட்டோம். திருச்சுழி ரோட்டில் கருவேல முள் ஏறி டியூப் கிழிந்தபோது, டயருக்குள் சோளத்தட்டையைத் திணித்து ஊர் வரை ஓட்டி வந்தோம்.

டேங்க் ஒழுகினால் குளியல் சோப்பைப் பிசைந்து ஓட்டையில் அப்புவாய். "தண்ணிக்குத்தாம்ல கரையும், பெட்ரோலுக்குக் கரையாது" என்பாய். உன் தங்கை செல்வி வாசலில் நின்று ஏசுவாள்: "வீட்டுல மனுசருக்குச் சோப்பு இல்ல, இவுக வண்டி குளிக்குது."

நீ அந்த வண்டியில்தான் சாவாய் என்றது ஊர். நீ செத்தது பட்டாசு ஆலையில். அன்றைக்கு வண்டி ஆலை வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றது, ஒரு கீறல் இல்லாமல். அந்த ஆலை ஆபத்து என்று உன்னிடம் ஒருத்தராவது சொன்னாரா?

நான் இப்போது அருப்புக்கோட்டையில் ஒரு பைக் ஷோரூமில் இருக்கிறேன், சர்வீஸ் பிரிவில். சட்டையில் என் பெயர் குத்தியிருக்கிறது.

போன வியாழக்கிழமை செல்வி நம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மில்லில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, காலை ஷிப்ட். அந்நேரத்துக்கு நம் ஊரிலிருந்து பஸ் கிடையாது. மறுநாள் சேர வேண்டும். டேங்கிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்போது ஒரு பணக்கார வீட்டுப் பையனுக்கு மேனேஜர் காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவனும் சைலன்சரை மாற்றியவன்தான். தெருவே அதிரும். "செம மாடிபிகேஷன் தம்பி" என்றார் மேனேஜர். அதே வாயால் செல்வியைப் பார்த்து, "இந்தக் குப்பைய யாரு உள்ள விட்டது? தீப்பிடிச்சா யாரு பதில் சொல்றது?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சவங்களா?"

"இல்ல சார்" என்றேன்.

செல்விக்கு அது காதில் விழவில்லை போல. என்னைப் பார்த்த சந்தோஷத்தில் நேரே வந்தாள். "அண்ணே, சோப்பு வச்சா நிக்கும்லண்ணே? எங்கண்ணன் எப்படி அப்பும்?"

"டேங்க்கை மாத்தணும், மேடம்."

மேடம். உன் வீட்டுக் கஞ்சியைக் குடித்து வளர்ந்தவன் சொன்னேன்.

அவள் என் சட்டையில் இருந்த பெயரை ஒருமுறை பார்த்தாள். வண்டியைத் திருப்பினாள். எதிர்ப் பெட்டிக்கடையில் சோப்பு வாங்கி, ரோட்டோரம் உட்கார்ந்து பிசைந்து அப்பினாள். அந்தப் பையன் செல்போனில் படம் பிடித்துச் சிரித்தான். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்றேன். வெளியே போயிருந்தால் வேலை போயிருக்குமா? போயிருக்காது. ஒரு திட்டு விழுந்திருக்கும். அவ்வளவுக்கே பயந்தேன்.

சொட்டு நின்றது. வண்டியை உதைத்துக் கிளப்புவதற்கு முன் உள்ளே வந்து, மிச்சச் சோப்பை என் மேசையில் வைத்தாள்.

"மிச்சம் இருக்கு. வச்சுக்கங்க சார்."

வேலையில் சேர்ந்துவிட்டாளாம். ஆனால் சோப்பு எத்தனை நாள் தாங்கும்? அதை நம்பித்தான் விடியுமுன் ஏறிப் போகிறாள். உனக்குத் தெரியும், அது ஊர் போய்ச் சேர்வதற்கான வைத்தியம். தினமும் ஓட்டுவதற்கு அல்ல.

ஞாயிற்றுக்கிழமை வாரேன் பங்காளி. இந்தச் சட்டையோடு, ஊர் பார்க்க உன் வாசலில் உட்கார்ந்து டேங்க்கைக் கழற்றிக் கழுவி, ஓட்டையை முறையாக வெல்டிங் வைத்து மாட்டித் தருவேன். திங்கட்கிழமை மேனேஜரிடம் போய், அது என் தங்கச்சி என்று சொல்வேன். செல்வி அதற்குப் பிறகும் என்னைச் சார் என்றே கூப்பிட்டால், கேட்டுக்கொள்வேன்.

அவளுக்கு அண்ணன் என்று கையெழுத்துப் போட இன்னும் கை வரவில்லை.

உன் பங்காளி,
முத்து