எங்கள் லயத்தின் 2050

2025 மார்ச் 3, திங்கள்
எனக்குக் கிடைத்த கணக்கெடுப்பு வேலை இன்று தொடங்கியது, அதுவும் எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே. 2050இல் சனங்கள் எவ்வளவு வசதியாக இருப்பார்கள், எதில் சமைப்பார்கள் என்று அனுமானித்தால்தான் நாடு எவ்வளவு காபன் கக்கும் என்று சொல்ல முடியுமாம். ஆய்வை நடத்தும் சிறில் சார் விளக்கினார். மின்பாவனை கூடும் என்று தெரிகிற இடத்துக்குப் புது டிரான்ஸ்போமர் கேட்டு எழுதுவார்களாம். எனக்கு அது போதும். அம்மாவுக்கு இழுப்பு. விறகுப் புகை ஆகாது என்கிறார் டொக்டர். அண்ணன் கொழும்பிலிருந்து அனுப்பிய கரண்ட் அடுப்பைப் போட்டால் பழைய டிரான்ஸ்போமர் தாங்காமல் லயத்து வரிசை வீடுகள் முழுக்க இருட்டு.

மார்ச் 5
கெட்டது குடி! பேப்பரோடு வருகிறவர்கள் எல்லாரும் அரசாங்க நிவாரணக் காசை வெட்ட வருகிறவர்கள் என்பது லயத்து முடிவு. இருப்பதையெல்லாம் ஒளிக்கிறார்கள். மூக்கையா அண்ணன் பிரிட்ஜுக்குச் சேலை சுற்றி, மேலே முருகன் படம் வைத்திருக்கிறார்.
"இது என்னண்ணே?"
"சாமி மேடை, தங்கச்சி."
சாமி மேடை உர்ரென்று உறுமியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தால், கரண்ட் அடுப்பு கட்டிலுக்கடியில். "கவ்வாத்துல வெட்டின தேயிலை மிலாறுதான் எரிக்கிறோம், வேற ஒண்ணும் வேணாங்க" என்று என்னோடு கணக்கெடுக்க வந்த பர்ஸானாவிடம் அம்மா சொல்கிறார். பெற்ற மகள் பக்கத்தில் நிற்கிறேன்! பர்ஸானா எழுதிக்கொண்டாள்.

மார்ச் 7
சனங்கள் ஒளிப்பதைச் சாரிடம் சொன்னேன். "சொன்னதத்தான் எழுதணும் மகள், நம்ம நெனக்கிறத இல்ல." அவர் பக்கமும் நியாயம்தான். மறுபடி கேட்க வைக்கிறேன், உண்மையைச் சொல்லும்மா என்று அம்மாவிடம் கெஞ்சினேன்.
"உனக்கென்ன, படிச்சவ. வெட்டிட்டாங்கன்னா நீயா திருப்பி வாங்கித் தருவ?"
படிவம் பர்ஸானா எழுதியபடியே போனது.

ஏப்ரல் 28
முடிவு வந்துவிட்டது. நாடு செழித்தால் ஒரு கணக்கு, இப்படியே கிடந்தால் ஒன்று, நொடித்தால் ஒன்று. மூன்றிலும் எங்கள் தோட்டம் அசையவே இல்லை. ஊரெல்லாம் காரில் போகிற கணக்கிலும் நாங்கள் தேயிலைக் குச்சியை எரித்துக்கொண்டிருக்கிறோம். "பூமிக்குப் பாரமில்லாத சனம்" என்று சார் பாராட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் சார், நாங்க இப்படியே கெடந்தாத்தான் ஒலகம் நல்லா இருக்குமா? — இதை இங்கேதான் எழுத முடிகிறது. டிரான்ஸ்போமர் நிவித்திகல பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்காம்.

ஏப்ரல் 29
அம்மாவிடம் சொல்லவில்லை.

மே 24
விடாத மழை. ஈர விறகு. மூச்சு இழுத்துக்கொண்டு அம்மா அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வீட்டில் என்ன அடுப்பு என்று டொக்டர் கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். "வெறகுங்க" என்றேன். இனி அடுப்படிப் பக்கமே போகக் கூடாதாம்.

ஜூன் 2
அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். முன்னறையில் உட்கார வைத்திருக்கிறேன். காலையில் அடுப்பை நான்தான் ஊதுகிறேன். கண் எரிகிறது.
2050இல் எனக்கு நாற்பத்தொன்பது வயது.