கொடி எறிந்த மாமி

செப்டெம்பர் 14, ஞாயிறு

எழுபத்து மூன்று வயதில், கிழவன் நான் எழுதப் பழகினேன். இந்த ஒரு வரிக்கே தேத்தண்ணி ஆறிவிட்டது. பரவாயில்லை. வாயால் திட்டினால் சண்டை வரும். எழுதித் திட்டுவதில் எவ்வளவு சுகம்.

இன்று என் மகனின் பிள்ளை, பேரன் பிருந்தனின் பள்ளிக்கூடப் போட்டி. தலையில் சட்டி கவிழ்த்துக்கொண்டு, முட்டைப் பந்துக்காக ஆளை ஆள் முட்டுவதற்குப் பெயர் அமெரிக்கன் ஃபுட்பால். காலுக்கு அதில் பெரிய வேலை இல்லை. என் மகள் சுபானி அங்கே றெஃபரிமாரில் ஒருத்தி. கொலோனில் நான் அவளோடுதான் இருக்கிறேன்.

ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அப்படி முடிந்தால் இரண்டு அணிக்கும் ஒவ்வொரு முறை கிடைக்கும், கோட்டிலிருந்து பத்து யார், அதாவது பத்துக் கெசத் தூரத்தில் தொடங்கலாம். பிருந்தன் பந்தோடு கோட்டைக் கடந்தான். ஆறு புள்ளி. கடந்தவன் சும்மா வந்தானா? எதிரணிப் பையனுக்கு முன்னால் போய் ஏதோ சேட்டை காட்டினான். எனக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. சுபானி மஞ்சள் கொடியை எறிந்தாள், பிழை விட்டான் என்பதற்கு அதுதான் அடையாளம்.

புள்ளி அழியவில்லை. ஓர் உதை உதைத்து ஏழாக்கினார்கள். ஆனால் எதிரணி தண்டனையை உடனே எடுக்காமல் தன்னுடைய முறைக்கு வைத்துக்கொண்டது. தண்டனை பதினைந்து யார். கோட்டுக்கு இருப்பதோ பத்து. அப்படியானால் பாதித் தூரம். அவர்கள் ஐந்திலிருந்து தொடங்கிக் கோட்டைக் கடந்தார்கள், ஆறு. பிறகு உதைக்காமல் மறுபடி ஓடி இரண்டு எடுத்தார்கள். எட்டு. பிருந்தனின் பள்ளிக்கூடம் தோற்றது.

செப்டெம்பர் 15

மகன் தபோதரன் வந்தான். சப்பாத்தைக் கழற்றவும் இல்லை.

"ஏன்டி, கொடியை எறியாமல் நிண்டிருந்தா உனக்குக் கை உளைஞ்சிருக்குமே?"

"பிள்ளையின்ர கையைக் கேளுங்கோ அண்ணை. அதுதான் சும்மா நிக்கேல்லை."

"வெள்ளையள் கூட விட்டிருப்பாங்கள். சொந்த மாமி பாதித் தூரத்தைத் தூக்கிக் குடுத்திட்டாய்."

அவன் மனைவி கஜந்தி சோபா நுனியில் கைப்பையோடு குந்தியிருந்தாள். புருசன் கத்தினால் நிலத்தைப் பார்க்கிறதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை. வாய் இருந்தும் ஊமை.

செப்டெம்பர் 16

தபோதரன் ஒரு கழுதை. மூன்று தரம் எழுதிப் பார்த்தேன். எழுத்து அழகாக வருகிறது.

செப்டெம்பர் 24

கழுதை தொலைபேசியில் பேசியது. அதன் மகள், என் பேத்தி கம்சனா பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சாமத்தியச் சடங்குக்கு அடுத்த மாதம் ஐந்தாம் திகதி மண்டபம் எடுத்தாயிற்றாம். சுபானி வரவேண்டாமாம்.

"தண்ணி வாக்கிறது ஆர்? தகப்பன்ர கூடப்பிறந்த மாமியெல்லோ வாக்கவேணும்," என்றேன்.

"பிறேமாவும் மாமி முறைதான் அப்பா."

பிறேமா அவனுக்கு ஒன்றுவிட்ட தங்கை. மாமியை வாடகைக்குப் பிடிக்கும் முதல் ஆள் என் மகன்தான்.

முட்டைப் பந்தை நான் ஏளனம் செய்தேனே. அவர்களும் தண்டனையை அடுத்த முறைக்குக் கொண்டுபோகிறார்கள். ஆனால் பிழை விட்ட பக்கத்துக்குத்தான் அது போகும். இங்கே சேட்டை விட்டவன் பிருந்தன், தண்டனை சுபானிக்கு. தலையில் சட்டி போட்டவனுக்கு இருக்கிற மூளை என் மகனுக்கு இல்லையே.

சுபானி, மாமியாகச் சடங்கில் கட்டவென்று வாங்கிய சீலையை மடித்து அலுமாரியின் அடித்தட்டில் வைத்தாள். பிறகு எனக்குப் புட்டு அவித்தாள். அவள் சாப்பிடவில்லை. சடங்குக்கு நானும் போகமாட்டேன்.

ஒக்டோபர் 5, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு மணி அடித்தது. கஜந்தி. பட்டுச்சீலை, தலை நிறையப் பூ, தானே கார் ஓட்டி வந்திருக்கிறாள்.

"சுபானி, சீலையைக் கட்டு. நேரம் போகுது."

"அண்ணை வேண்டாமெண்டவர்."

"பிருந்தன்ர சிநேகிதன் எடுத்த வீடியோ பாத்தனான். மற்றப் பக்கத்துப் பிள்ளையைப் பாத்துக் கழுத்தை அறுக்கிற மாதிரிக் கையால காட்டினவன். நான் பெத்தது. வெக்கமாக் கிடக்குது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்களும் வேட்டியைக் கட்டுங்கோ. இண்டைக்கு உங்கட மகன் கத்தினா நான் பாத்துக்கொள்ளுறன்."

சுபானிதான் தண்ணீர் வார்த்தாள். கம்சனா குளிரில் நடுங்கிச் சிரித்தாள். பக்கத்தில் குடம் பிடித்துக்கொண்டு நின்றவன் பிருந்தன், கஜந்தி நிறுத்தியிருந்தாள். தபோதரன் வாசலில் நின்று வந்தவர்களைக் கும்பிட்டுக்கொண்டே இருந்தான், வருகிறவர்கள் முடிந்த பிறகும்.

பந்தியில் அவன் சாம்பார் வாளியோடு வந்தான். எனக்கு ஊற்றினான். சுபானிக்கு முன்னால் நின்றான். சாம்பாரை அகப்பையால் கலக்கினான்.

"உனக்கும் கொஞ்சம் விடட்டே?"

"ஓம் அண்ணை, விடுங்கோ."

அவ்வளவுதான் அவனால் ஏலும். அதற்கே மூச்சு வாங்கினான்.