மருந்துப் போத்தலோடு ஓடிய அக்காவுக்கு

அக்கா, மூடியைத் திறந்ததும் அந்த வாசனை வந்துவிட்டது. லேபிளில் ஸ்ட்ராபெரி என்று போட்டிருக்கிறது. எந்தப் பழத்துக்கும் இல்லாத வாசனை அது. ஆறு வருடங்களுக்குப் பிறகு கூலாய் ஊரில் என் வீட்டுச் சமையலறையில் அது பரவியதும், கையிலிருந்த போத்தலை மேசைமேல் வைத்துவிட்டேன்.

இந்த முறை மருந்து என் மகன் முகிலனுக்கு. நீங்கள் அவனைத் தத்தித் தத்தி நடக்கும் பிள்ளையாகத்தான் பார்த்தீர்கள். இப்போது மூன்று வயது. காதுக்குள் கிருமித் தொற்று, சீழ் கட்டியிருக்கிறது என்று இன்று காலை டாக்டர் சொன்னார். மூன்று வேளை, ஏழு நாள். என் மகள் யாழினிக்கும் அப்போது இதே வயதுதான்.

அன்றைக்கு நடந்ததில் எனக்குத் தெரிந்தது ஒரு பாதி, உங்களுக்குத் தெரிந்தது ஒரு பாதி. இரண்டையும் சேர்த்து ஒரு முறையாவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது.

அப்போது நான் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் வேலை செய்தேன். விடிவதற்கு முன்பே தொழிற்சாலை பஸ் நம் தாமான் குடியிருப்பின் முனைக்கு வந்துவிடும். செடெனாக் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி இங்கே வந்த நீங்கள், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் நான்கு பேரை உங்கள் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். யாழினி அதில் ஒருத்தி.

அன்றைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவளுக்குத் தொண்டை பழுத்து, எச்சில்கூட விழுங்க முடியவில்லை. கிளினிக்கில் டாக்டர் கேட்டார், இதற்கு முன் ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று. உண்டு, அக்கா. ஒரு வயதில் இதே வகை மருந்து குடித்து உடம்பெல்லாம் தடித்துப் போனது. மாமியார் அதைச் சூடு என்றார். நானும் சூடு என்றே நம்பிக்கொண்டேன். டாக்டரிடம் இல்லை என்று சொன்னேன். ஆமாம் என்றால் இன்னும் நாலு கேள்வி வரும், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுப்பார்கள், மறுநாள் வேலைக்குப் போக முடியாது. அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு நாள் லீவு எடுத்திருந்தேன்.

வீட்டுக்கு வருவதற்குள் யாழினி தூங்கிவிட்டாள். முதல் வேளை மருந்தைக் காலையில் கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். விடியுமுன் உங்கள் கிரில் கதவருகே அவளையும் போத்தலையும் கொடுத்தபோது நீங்கள் லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தீர்கள். ஐந்து மில்லிதானே என்று இரண்டு முறை கேட்டீர்கள். சமையல் கரண்டியில் ஊற்றக்கூடாது என்று மருந்தோடு தந்திருந்த ஊசியில்லாத சிரிஞ்சை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டீர்கள். பிறகு கேட்டீர்கள்.

"இதுக்கு முன்னாடி இந்த மருந்து குடிச்சிருக்காளா?"

பஸ் ஹாரன் அடித்தது.

"குடிச்சிருக்கா. ஒண்ணும் ஆகலக்கா."

டாக்டரிடம் மறைத்தேன். உங்களிடம் துணிந்தே பொய் சொன்னேன்.

மற்றதெல்லாம் நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டவை. கஞ்சி கொடுத்து, போத்தலை நன்றாகக் குலுக்கி, அளவுக் கோட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துக் கொடுத்திருக்கிறீர்கள். கால் மணி நேரத்தில் அவள் கழுத்தைச் சொறிய ஆரம்பித்திருக்கிறாள். பிறகு உதடு வீங்கியது. பிறகு மூச்சில் விசில் சத்தம். நீங்கள் எனக்கு போன் போட்டுக்கொண்டு நிற்கவில்லை. மற்ற பிள்ளைகளை, இரவு வேலை முடிந்து வந்திருந்த எதிர்வீட்டுச் சாந்தியிடம் விட்டுவிட்டு, அடுத்த வீட்டு மலாய்ப் பெரியவர், நாம் பாக்சிக் என்று கூப்பிடுபவர், அவருடைய காரில் ஏறியிருக்கிறீர்கள். காலில் செருப்பில்லை. ஆனால் ஒரு கையில் குழந்தையும் மறு கையில் மருந்துப் போத்தலும் இருந்தன. போத்தலைப் பார்த்ததும் கிளினிக்கில் என்ன ஏதென்று கேட்டு நேரத்தை வீணாக்கவில்லையாம். உடனே ஊசி போட்டு, ஆம்புலன்சில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

என் போன் தொழிற்சாலை லாக்கரில் இருந்தது. பத்து மணி இடைவேளையில்தான் செய்தியைப் பார்த்தேன். அங்கிருந்து குடிநுழைவுச் சோதனையில் வரிசை, பாலத்தில் வரிசை, இந்தப் பக்கம் இன்னொரு வரிசை. கடவுச்சீட்டைத் தலைகீழாக நீட்டியிருக்கிறேன். உயிரோடு இருக்கிறாளா என்று யாரிடமும் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் பதில் வந்துவிடுமே.

ஆஸ்பத்திரியில் அவள் மூச்சு சீராகிப் படுத்திருந்தாள். முகம் மட்டும் வீங்கி, வேறு யாருடைய பிள்ளையோ போலிருந்தது. வார்டு வாசலில் நீங்கள் நின்றீர்கள். பிள்ளைகளை அவரவர் வீட்டில் ஒப்படைத்துவிட்டுச் சாந்தியும் வந்திருந்தாள். அவள் முன்னாலேயே கேட்டேன்.

"என்னக்கா குடுத்தீங்க என் பிள்ளைக்கு?"

உங்கள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. குரல் மட்டும் நினைவிருக்கிறது.

"நீ குடுத்ததத்தாம்மா குடுத்தேன்."

கொஞ்ச நேரத்தில் டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். பென்சிலின் வகை மருந்து இவளுக்கு ஒத்துக்கொள்ளாது, முன்பு எப்போதாவது அறிகுறி தெரிந்ததா என்று கேட்டார். தெரிந்தது என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். நீங்கள் இருவரும் வெளியே இருந்தீர்கள். என் கேள்விதான் உங்கள் காதில் விழுந்தது. என் பதில் விழவில்லை.

தொண்டைக்கு வேறு வகை மருந்து தந்தார்கள். வீட்டில் அதன் முதல் வேளையை உங்களைக் கொடுக்கச் சொன்னேன். எனக்குக் கை வரவில்லை. "எனக்கும் பயமாத்தான் இருக்கும்மா. ஆனா குடிக்காம விட்டா தொண்டை எப்படி ஆறும்?" என்றீர்கள். அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டீர்கள். தொண்டைக்கு நேராகப் பீச்சினால் புரையேறும் என்றீர்கள். பிறகு நாம் இருவரும் ஒரு மணி நேரம் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு இருந்தோம். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நான் மருந்தை நிறுத்தப் பார்த்தேன். நீங்கள் விடவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய நாட்காட்டியில் வேளைக்கு வேளை கோடு போட்டு, சொன்ன நாள் முழுவதும் கொடுத்து முடித்தீர்கள்.

அதற்குள் தாமானில் பேச்சு பரவிவிட்டது. அந்த அக்கா அளவு தெரியாமல் மருந்து கொடுத்துவிட்டாராம். ஒரு மாதத்துக்குள் மற்ற மூன்று பிள்ளைகளையும் நிறுத்திவிட்டார்கள். யாழினி மட்டும் உங்கள் கூடத்தில் தனியாக விளையாடினாள்.

நீங்கள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்கள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொரு மீனாகத் தலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். எல்லாருக்கும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"எங்கிட்ட சொல்லிட்ட, போதும்லா. ஊருக்கெல்லாம் மைக் போட்டா சொல்லணும்? டாக்டர்கிட்ட மட்டும் இனிமே மறைக்காத. திட்டினா திட்டிட்டுப் போறாங்க."

அந்தப் 'போதும்' என்ற சொல்லை நான் எவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொண்டேன், அக்கா! நீங்கள் வேண்டாம் என்றதால்தான் சொல்லவில்லை என்று ஐந்து வருடம் எனக்கு நானே சமாதானம் சொன்னேன். போன வருடம் மாரடைப்பில் நீங்கள் போனபோது, கூடத்தில் உங்களைக் கிடத்தியிருக்கையில்கூட யாரோ அந்தக் கதையை மெதுவாகப் பேசினார்கள். காதில் விழுந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று காலை கிளினிக்கில் டாக்டர் கேட்கும் முன்பே யாழினியின் ஒவ்வாமையைச் சொன்னேன். மூத்தவளுக்கு இருப்பதால் தம்பிக்கும் இருக்கும் என்று இல்லை, ஆனாலும் வேறு வகை தருகிறேன் என்றார். எதற்கெல்லாம் மருந்தை நிறுத்திவிட்டு உடனே ஓடிவர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். வெளியே மருந்துக்குக் காத்திருந்தபோது சாந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, "அந்த அக்கா அன்னிக்கு ஏதோ மாத்திக் குடுத்துட்டாங்கல்ல, பாவம் சின்னப் பிள்ள" என்றாள்.

மூன்று வயதுப் பிள்ளையின் உயிரை வைத்துப் பொய் சொன்னவள் என்று இவள் என்னைப் பார்க்கப் போகிறாள். அந்தப் பயத்தில்தானே இத்தனை வருடம் ஓடியது.

"அவங்க எதையும் மாத்திக் குடுக்கல, சாந்தி. அந்த மருந்து ஒத்துக்காதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். அவங்க கேட்டாங்க. நான் பொய் சொல்லிட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். அவளுடைய மகனும் அந்த மூன்று பிள்ளைகளில் ஒருவன். "இத்தனை வருஷம் கழிச்சு சொல்ற" என்று மட்டும் சொல்லிவிட்டு, எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டாள். சரிதான். உங்களுக்கு அதனால் இப்போது என்ன பயன்?

முகிலனுக்கு மருந்தைக் கொடுத்துவிட்டேன். பாதி துப்பப் பார்த்தான், பிறகு விழுங்கிவிட்டான். முக்கால் மணி நேரமாகிறது. எதிரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒரு வரி எழுதுவதும் அவன் உதட்டைப் பார்ப்பதுமாக இருக்கிறேன். பள்ளியிலிருந்து வந்த யாழினி, ஏன் அவனையே முறைக்கிறீர்கள் என்று கேட்டாள். முதன்முறையாக அவளுக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். வீக்கம், ஊசி, ஆம்புலன்ஸ் எதுவும் அவளுக்கு நினைவில்லை.

"ஒரு கார் மட்டும் ஞாபகம் இருக்கும்மா. ஆண்ட்டி மடியில இருந்தேன். என் பேர கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. நான் ம் சொன்னா திரும்பவும் கூப்பிடுவாங்க. விளையாட்டுன்னு நெனச்சேன்."

அவளுக்கு அது விளையாட்டாகவே மிஞ்சியிருக்கிறது, அக்கா. அந்தக் காருக்குள் இருந்த பயத்தில் ஒரு துளிகூட அவள்மேல் படாமல் பார்த்துக்கொண்டீர்கள். அது முழுவதும் என்னிடம்தான் இருக்கிறது. என்னிடமே இருக்கட்டும்.